நான்கு பல் வித்தியாசம்

என் ராசா முருகேசனுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. தபால்காரர் கையில் கொடுக்கும்போதே, "என்னம்மா, பையன் நிலப் பத்திரம் எதுவும் அனுப்பிருக்கானா, இம்புட்டுக் கனமா இருக்கு?" என்று கேட்டார். ஏழு பக்கம். எழுத்துக் கூட்டிப் படிக்கிற எனக்கு இரண்டு நாள் ஆனது. அதில் உன் உடம்பைப் பற்றி ஒரு வரி. வருகிற தை மாசம் நீ கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணைப் பற்றி இரண்டு வரி. அதிலும் ஒரு வரி, அவளுக்கு ஜீப்பில் உட்கார்ந்தால் தலை சுற்றுமோ என்கிற கவலை. மீதி எல்லாம் கோயம்புத்தூரில் நீயும் உன் கூட்டாளியும் ஏலத்தில் எடுத்த அந்தப் பழைய ஜீப்புதான். எந்த இன்ஜினை உட்கார வைக்கலாம், மூன்று கியர் பெட்டியா நான்கு கியர் பெட்டியா, அச்சுக்குள் எந்தப் பல்சக்கரம் என்று அப்பாவிடம் கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை மலை ஏறுவதற்காம். உன் அப்பா வயிற்றுப்பாட்டுக்காக ஏறிய மேட்டை நீ சும்மா பொழுது போகாமல் ஏறப்போகிறாய். நல்லது, ஏறு. உன் தலையெழுத்து அப்படி இருந்தால் நான் யாரைக் குற்றம் சொல்ல?

சிரித்துக்கொண்டுதான் படித்தேன், ஆறாம் பக்கம் வரைக்கும். அங்கே இப்படி எழுதியிருக்கிறாய்: "மாமா மாதிரி அரைவேலை மெக்கானிக் கையில் இந்த வண்டியைக் கொடுக்க மாட்டேன். கல்யாணப் பத்திரிகையிலும் அவர் பெயர் வேண்டாம். அப்பா மனசு நோகும்." அந்த இடத்தில் என் விரல் நின்றுவிட்டது. பிறகு நகரவில்லை. பன்னிரண்டு வருஷமாக நீயும் உன் அப்பாவும் ஜீப் ஸ்டாண்டு ஆட்களும் அப்படித்தான் சொல்கிறீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வெங்காயம் உரித்திருக்கிறேன். முருகேசா, என் தம்பி அரைவேலை செய்யவில்லை. அரைவேலை செய்தவள் நான். ஒரு தாய்மாமன் இல்லாமல் உன் கழுத்தில் மாலை ஏறுமானால் அதற்குக் காரணம் உன்னைப் பெற்றவள்தான். இதை உனக்கும் உன் அப்பாவுக்கும் சொல்லாமல் நான் மணமேடைப் பக்கம் வந்து நிற்க முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவளுக்குப் பல்சக்கரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நினைப்பாய். உன் அப்பா ஜீப் வைத்திருந்த எட்டு வருஷமும் கியர் பெட்டியைக் கழற்றினால் கொண்டுவந்து பரப்புகிற இடம் என் அடுப்படி. இட்லிக் கொப்பரையில் பேரிங்கைப் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்த மனுஷன் அவர். மறுநாள் இட்லி தின்றுவிட்டு, "என்னட்டி, மாவு புளிச்சிருச்சா?" என்று கேட்டார். கழற்றுவது அவர், வேறொரு சாமானோடு கலந்துவிடாமல் ஒவ்வொன்றையும் துணியில் முடிந்து வைப்பது நான், மாட்டுவது என் தம்பி. ஸ்ரீவில்லிபுத்தூரில் கிருஷ்ணன்கோயில் போகிற ரோட்டோரம் அவன் போட்டிருந்த ஷெட்டில் எப்போது பார்த்தாலும் நாலு ஜீப்பாவது நிற்கும். மலையடிவாரத்துத் தோப்புகளுக்குப் போகிற வண்டி எல்லாம் அவன் கை பட்டுத்தான் ஓடிற்று. பெயருக்குத்தான் அவன் உன் அப்பாவுக்கு மாப்பிள்ளை, அவர் அவனுக்கு அத்தான். ஒரே தட்டில் புரோட்டா பிய்த்துத் தின்கிற சேர்க்கை.

உனக்குத் தெரிந்த விஷயம்தான் என்றாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும், பொறுத்துக்கொள். அச்சின் நடுவில் பானை மாதிரி உருண்டையாக இருக்கிறதே, அதற்குள் ஒரு பெரிய பல்சக்கரம், அதைச் சுற்ற வைக்கிற ஒரு சின்னது. பெரியது கிரவுன், சின்னது பினியன். பெரியதில் பல் கூடினால் வண்டி பாரம் இழுக்கும், ஆனால் மெதுவாகப் போகும். குறைந்தால் ஓட்டமாக ஓடும், மேட்டில் மூச்சு வாங்கும். நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப்புக்கு முன் அச்சில் ஒரு ஜோடி, பின் அச்சில் ஒரு ஜோடி. நம் வண்டியில் இரண்டிலுமே நாற்பத்துமூன்று பல். பெட்ரோல் இன்ஜின் இருந்தவரை அது சரியாகத்தான் இருந்தது. பெட்ரோல் விற்கிற விலைக்குக் கட்டுப்படியாகாமல் டீசல் இன்ஜினை இறக்கி வைத்த பிறகுதான் வந்தது வினை. டீசலுக்குக் கத்தல் ஜாஸ்தி, ஓட்டம் கம்மி. ராஜபாளையம் ரோட்டில் டவுன் பஸ் நம்மை முந்திக்கொண்டு போகும். ஒரு நாள் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "அண்ணாச்சி, கயிறு போட்டு இழுத்துட்டுப் போகட்டுமா?" என்று கேட்டுவிட்டான். உன் அப்பாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கும்தான். ஆனால் நான் அவரைக் கேலி பண்ணிக்கொண்டே தின்றேன்.

"அத்தான், முப்பத்தொன்பது பல்லு செட்டு போட்டுட்டா பஸ்ஸுக்காரன் நம்ம பின்னால ஹாரன் அடிச்சிக்கிட்டு வருவான்," என்றான் என் தம்பி. இரண்டு அச்சிலும் மாற்ற வேண்டும் என்று முடிவானது. அந்த நேரம் பார்த்து உன் அப்பா ஒரு மில் முதலாளியின் காரை ஓட்டிக்கொண்டு பத்து நாள் வெளியூர் போனார். ஜீப்பு தம்பி ஷெட்டில் நின்றது. பழைய சாமான் கடையில் போய் செட்டு வாங்கிக் கொடுக்க வேண்டியது என் பொறுப்பு. தம்பி படித்துப் படித்துச் சொன்னான்: "எக்கா, ரெண்டு செட்டு. முன்னாடிக்கு ஒண்ணு, பின்னாடிக்கு ஒண்ணு. ரெண்டுலயும் ஒரே பல்லு இருக்கணும். சாக்பீஸால ஒரு பல்லுல குறி போட்டுட்டு எண்ணு. பெரிசுலயும் சின்னதுலயும் ஜோடி நம்பர் வெட்டிருப்பான், அது ஒண்ணா இருக்கான்னு பாரு. வேற வேற நம்பர்னா ஒண்ணை ஒண்ணு கடிச்சித் தின்னுரும்." உடனே இதைக் கல்யாணத்தோடு சேர்த்து ஏதோ உபதேசம் பண்ணப் போகிறேன் என்று முகத்தைத் தூக்காதே. அது பல்சக்கரத்தைப் பற்றிய பேச்சு, அவ்வளவுதான்.

கடைக்குப் போனேன். பாய் ஒரு செட்டைத்தான் எடுத்து வைத்தார். பேண்டேஜ் கம்பெனியில் நாள் முழுக்கக் கட்டுத்துணி உருளை எண்ணுகிற கை இது. முப்பத்தொன்பது பல்லையும் இரண்டு தடவை எண்ணினேன். ஜோடி நம்பரும் சரி. "இன்னொண்ணு எங்க பாய்?" என்றேன். "வரணும்மா. பதினஞ்சு நாள்ல வந்துரும். ரெண்டையும் ஒண்ணா வாங்கிக்கிடுங்க, ஒத்தையா மட்டும் மாட்டிராதீக," என்றார். அந்த மனுஷனும் சரியாகத்தான் சொன்னார். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு சந்து பொந்துகூட இல்லை, பார்த்துக்கொள்.

விஷயம் என்னவென்றால், அந்த வெள்ளிக்கிழமை எதிர்வீட்டு கோமதி மதினி மகளுக்கு வ. புதுப்பட்டியில் கல்யாணம். தெருவே பஸ் பிடித்துப் போவதாக ஏற்பாடு. நான் குழாயடியில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "பஸ்ஸுல போறவுக போங்க. எங்க வண்டிக்கு வேற பல்லு மாத்தியாச்சு. நீங்க கிருஷ்ணன்கோயில் தாண்டும்போது நாங்க பந்தியில உக்காந்திருப்போம்," என்று அளந்துவிட்டேன். "பாப்போமே," என்றாள் மதினி. அந்த "பாப்போமே"தான் என் மண்டையில் ஏறிக்கொண்டது. பதினைந்து நாள் எங்கே, நாலு நாள் எங்கே? ஒரு செட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேராக ஷெட்டுக்குப் போனேன். "ஒங்க அத்தான் சொல்லி விட்டாவ. இப்போதைக்குப் பின்னாடி மட்டும் மாட்டச் சொன்னாவ. முன்னாடிக்குப் பொறவு பாத்துக்கிடலாமாம்," என்றேன். தம்பி தலையைச் சொறிந்தான். "அத்தானா சொன்னாவ? அவிய இதுல வெவரமான ஆளாச்சே." "ஏலே, நான் என்ன பொய்யா சொல்லுதேன்?" என்று ஒரு அதட்டுப் போட்டேன். அக்கா அதட்டினால் அவன் அடங்கிவிடுவான். சின்ன வயசிலிருந்தே அப்படி.

பின் அச்சில் மாட்டினான். முன் அச்சைச் சுற்ற வைக்கிற நீளத் தண்டு, ஷாஃப்ட் என்பார்கள், அதைக் கழற்றி என் கையில் கொடுத்தான். "இது வண்டியில இருந்தா யாருக்கும் கை சும்மா இருக்காது. ஃபோர் வீல் லிவரைத் தட்டிருவாங்க. முன்னாடி நாப்பத்திமூணு, பின்னாடி முப்பத்தொம்பது, ரெண்டும் சேந்து இழுத்தா நடுவுல இருக்கிற பொட்டி நொறுங்கிரும். இதைப் பரண்ல போடு. அத்தான் வந்ததும் மொத வேலையா இதைச் சொல்லிரு. மறந்துறாதக்கா." மறக்கவில்லை. மறந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

புதன்கிழமை உன் அப்பா வந்தார். வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி. "மாப்பிள்ளை கை கைதான்! ரெண்டு அச்சும் மாத்திட்டானா?" என்றார். நான் "ஊம்" என்றேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்ன ஒரே ஒரு "ஊம்". முன் ஷாஃப்ட் இல்லாததைப் பார்த்து, "டீசல் மிச்சமாகும்னு கழட்டிட்டான் போல," என்று அவரே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டார். அந்தக் காலத்தில் ரோட்டில் ஓடுகிற ஜீப்புக்காரர்கள் எல்லோரும் அப்படிக் கழற்றிப் போட்டுத்தான் ஓட்டினார்கள். அதனால் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. எனக்கும் அது வசதியாகப் போயிற்று. கல்யாணத்துக்கு எப்படிப் போனோம் தெரியுமா? வாசலில் வாழைமரம் கட்டுகிறவர்களுக்கு முன்னால் போய் நின்றோம். சமையல்காரர் அடுப்பே மூட்டவில்லை. ஒரு வாய் காபிக்கு ஒன்றரை மணி நேரம் காத்துக் கிடந்தோம். நீ பசியில் முறுக்கிக்கொண்டு போய் ஆட்டுக்குட்டிகளோடு உட்கார்ந்துவிட்டாய். அதற்குத்தான் அம்புட்டுப் பொய்யும்.

பதினைந்தாம் நாள் பாய் ஆள் விட்டு, செட்டு வந்துவிட்டது என்றார். போய் வாங்கவேண்டும் என்றால் உன் அப்பாவிடம் சொல்ல வேண்டும். சொன்னால், "அப்போ மாத்தியாச்சுன்னியே?" என்பார். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். பாய் எத்தனை நாள் வைத்திருப்பார்? வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார். மகனே, நான் உனக்குச் சொல்ல நினைக்கிற புத்தி ஒன்றே ஒன்று உண்டு என்றால் அது இந்த இடத்தில்தான். பெரிய பொய் சொல்கிறவனுக்குப் பயம் இருக்கும். எப்படியாவது ஒரு நாள் கக்கிவிடுவான். சின்னப் பொய் அப்படி இல்லை. அது பாட்டுக்கு ஓரமாகக் கிடக்கும். நாமும் அதைத் தாண்டித் தாண்டி நடந்து பழகிவிடுவோம்.

ஐப்பசி மழை பிடித்தது. செண்பகத்தோப்பு அடிவாரத்தில் ஒரு தோப்பில் தேங்காய் வெட்டு. பாதை முழுக்கச் சேறு. "ஃபோர் வீல் இல்லாம ஏறாது. ஏட்டி, அந்த முன் ஷாஃப்ட் எங்க கெடக்கு?" என்று உன் அப்பா கேட்டார். நான் ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். வாய் வரைக்கும் வந்தது. நாலு பல்தானே, நாலு பல்லுக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அவர் வாசலில் படுத்து அதை மாட்டினார். நான் அவருக்குச் சோறு கட்டினேன்.

ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. சேற்றில் சக்கரம் வழுக்கி வழுக்கிப் போனதால் முன்னதும் பின்னதும் சண்டை போட்டது வெளியே தெரியவில்லை. திரும்பும்போது ஓடை. ஓடைக்கு அடியில் பாறை, வழுக்க இடமில்லை. பின்னால் தேங்காய், அதன்மேல் தோப்பில் வேலை செய்த ஆறு பெண்கள். முன்சக்கரம் மெதுவாகப் போகலாம் என்கிறது, பின்சக்கரம் ஓடு என்கிறது. நட்ட நடு ஓடையில் வெடி போட்டாற்போல ஒரு சத்தம் கேட்டதாம். நடுப் பெட்டி நொறுங்கி வண்டி நின்றுவிட்டது. மலையில் பெய்த மழைக்குத் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. உன் அப்பா அந்த ஆறு பேரையும் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிக்கச் சொல்லிக் கரையேற்றிவிட்டார். பிறகு வண்டியைக் கட்டி நிறுத்தக் கயிறு எடுக்கத் திரும்பிப் போனவர்மேல் வண்டி பக்கவாட்டில் நகர்ந்து இடித்தது. பாறையில் விழுந்து இடது தோள் ஒடிந்தது. இன்றைக்கும் அவர் அந்தக் கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாமல் சட்டை மாட்டும்போது பல்லைக் கடிக்கிறாரே, அது இதுதான். அந்த ஆறு பெண்களில் ஒருத்திக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேனோ. அவர்கள் பெயர் ஆறும் எனக்கு மனப்பாடம். கோயிலுக்குப் போனால் உன் பெயருக்கு முன்னால் அந்தப் பெயர்களைத்தான் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் தோளிலிருந்து இடுப்பு வரை கட்டு. அந்தக் கட்டுத்துணி எங்கள் கம்பெனியில் நான் சுற்றியதாகக்கூட இருக்கும். தம்பி முதலில் ஓடைக்குப் போய் வண்டியைப் பார்த்துவிட்டு, பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தான். அதற்குள் ஸ்டாண்டு ஆட்கள் அச்சைத் திறந்து பல்லை எண்ணிவிட்டு வந்து உன் அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். அவனைப் பார்த்ததும் அவர் எழுந்திருக்கப் பார்த்தார். "ரெண்டு அச்சுலயும் வேற வேற பல்லை வச்சிருக்கியே, நீ மெக்கானிக்கா, எமனுக்கு ஏஜெண்டா? ஒரு வார்த்தை சொன்னியாலே எங்கிட்ட?" தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் சொல்லவில்லை என்பது அந்த நிமிஷம்தான் அவனுக்கு விளங்கியது. என் கையில் ஃபிளாஸ்க் இருந்தது. மூடியைத் திறந்தேன். மூடினேன். மறுபடியும் திறந்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதான் அத்தான். நான் நேர்ல வந்து சொல்லிருக்கணும்," என்றான். "இனி என் வாசல மிதிக்காத," என்றார் உன் அப்பா. அவன் போய்விட்டான். போகும்போது எனக்கு வாங்கி வந்திருந்த பன்னையும் வாழைப்பழத்தையும் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனான்.

உன் அப்பா ஜீப்பை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு மில் கேட்டில் வேலைக்குப் போனார். ஸ்டாண்டில் அவர் சொன்னது ஊரெல்லாம் பரவிற்று. சொந்த அத்தானுக்கே இப்படிச் செய்தவன் என்று ஒரு ஜீப்பு, இரண்டு ஜீப்பு என்று ஷெட்டுக்கு வருவது நின்றுபோனது. ஜீப்புக்கு உயிர் கொடுத்த கை மொபெட்டுக்குப் பிளக் துடைத்தது. ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் அவனைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன், அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஏன்டா உண்மையைச் சொல்லாமல் போனாய் என்று. "ஒன் மூஞ்சியப் பாத்தேன்க்கா. எனக்குன்னா ஷெட்டு மட்டும்தான் போகும். ஒனக்கு வீடுல்லா போயிரும்?" என்றான். நான் பந்தியில் போய் உட்கார்ந்து பாயசம் குடித்தேன். கேலி பேசுகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு முருகேசா. எப்போதும் சிரித்துக்கொண்டே இருந்தால் யாரும் நம்மிடம் எதுவும் கேட்க மாட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். ஆறாம் பக்கத்தை எடுத்து வீட்டில் வைத்துவிட வேண்டும் என்று நினைத்தவள், அவசரத்தில் மறந்துவிட்டேன். தம்பி கையைத் துடைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சத்தமாகப் படித்தான். "இன்ஜினை மொதல்ல புடிச்சிருக்கான் பாரு, கோட்டிக்காரப்பய," என்று நடு நடுவே சிரிப்பு. ஆறாம் பக்கம் வந்தது. அந்த வரியையும் அதே சத்தத்தில் படிக்க ஆரம்பித்து, பாதியில் குரல் இறங்கி, மீதியை மனசுக்குள் படித்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். ஏழாம் பக்கத்தையும் முழுசாகப் படித்து முடித்துவிட்டு, ஒரு பழைய காலண்டர் தாளைக் கிழித்துக்கொண்டான். "சரி, எழுதிக்கோ. இல்ல, நீ எழுதி முடிக்கிறதுக்குள்ள அவனுக்குப் பேரன் பொறந்துருவான். நானே எழுதுதேன்."

அவன் எழுதியதை இந்தக் கடிதத்தோடு தனியாக வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள். அவன் சொன்னதை என் வாயால் சொன்னால் இதுதான். நீ இன்ஜினிலிருந்து தொடங்கியிருக்கிறாய். சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டுமாம். எந்தப் பாதையில், எவ்வளவு பாரத்தோடு போகப் போகிறாய் என்று முதலில் முடிவு பண்ணு. அதற்குத் தகுந்த டயர். டயர் எவ்வளவு பெரியது என்று தெரிந்த பிறகுதான் கிரவுன் பினியன். மலை மட்டும் என்றால் பழைய நாற்பத்துமூன்றையே வைத்துக்கொள்; ரோடும் வேண்டும் என்றால் முப்பத்தொன்பது. "எதைப் போட்டாலும் முன்னாடி பின்னாடி ரெண்டையும் அவன் கையால தொறந்து, அவன் கண்ணால எண்ணணும். விக்கிறவன் சொன்னான், மாமா சொன்னான், எவன் சொன்னாலும் நம்பக் கூடாது," என்றான். நான் தரையைப் பார்த்தேன். கியர் பெட்டி நான்கு கியர் உள்ளதைப் போடச் சொல்கிறான். பழைய மூன்று கியர் பெட்டியில் முதல் கியர் போடுவதற்கு வண்டியை நிறுத்த வேண்டியிருக்கும், மேட்டில் அது ஆகாது. கடைசியில்தான் இன்ஜின். உன் கூட்டாளி சொல்கிற வேன் இன்ஜின் வேண்டாமாம். "அந்த பலத்துக்கு இந்த அச்சு தாங்காது. அவனுக்குச் சக்கரம் சுத்தணுமா, ஷாஃப்ட் முறுகணுமா?" என்றான். பல் ஒட்டவைத்த சக்கரத்தை எவன் சும்மா கொடுத்தாலும் வாங்காதே. பேரிங்கும் ஆயில் சீலும் மட்டும் புதுசாக வாங்கு. மற்றதெல்லாம் பழசு போதும்.

கிளம்பும்போது, "ஒங்க அத்தான்ட்ட இந்த வாரமே சொல்லிரப் போறேன்," என்றேன். "எதுக்குக்கா? எல்லாம் ஓடிப்போச்சு. இந்த வயசுல அவியளுக்கு எதுக்கு அது?" என்றான். "எனக்காகச் சொல்லல. பத்திரிகை அடிக்கணும்லா," என்றேன். அவன் ஒரு மொபெட்டின் செயினைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் ஏதோ செய்தான். அந்தச் செயினில் ஒன்றும் இல்லை, நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

மேலே எழுதியதையெல்லாம் உனக்கு எழுதுகிற சாக்கில் எழுதி முடித்துவிட்டு, புதன்கிழமை உன் அப்பா சாப்பிட்டு முடித்ததும் அவர் முன்னால் உட்கார்ந்து நானே படித்துக் காட்டினேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் இல்லையா, நான் திக்குகிறதைக் கேட்டு, இதுவும் என் கேலிதான் என்று நினைத்து, கல்யாணத்தில் காபிக்குக் காத்திருந்த இடம் வரைக்கும் அவர் சிரித்தார். பரண் வந்த இடத்தில் சிரிப்பு நின்றது. ஆஸ்பத்திரி வந்தபோது காய்ந்துபோன எச்சில் கையைக் கழுவாமல் அப்படியே வைத்திருந்தார். முடித்த பிறகு ஒரே கேள்விதான் கேட்டார். "நீ எண்ணிப் பாத்தியா?" "ரெண்டு தடவை எண்ணினேன்," என்றேன். எழுந்து போய்த் தன் தட்டைத் தானே கழுவி வைத்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் தட்டு கழுவி நான் பார்த்ததில்லை. திட்டியிருந்தால் இரண்டு வார்த்தை திருப்பிப் பேசியிருப்பேன். அந்தத் தட்டை எடுத்துத் துடைத்துக் கவிழ்த்து வைத்தேன்.

வியாழனும் வெள்ளியும் அவர் பேசவில்லை. நான் கேலியாக ஒன்றிரண்டு சொல்லிப் பார்த்தேன். அதுவும் வாயில் நிற்கவில்லை. சனிக்கிழமை காலையில் குளித்து, வெள்ளைச் சட்டையைப் பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டினார். கடைக்குப் போய் வெற்றிலை, பாக்கு, பழம், ஒரு வேட்டி, துண்டு வாங்கி வந்து தாம்பாளத்தில் வைத்து அதை ஒரு மஞ்சள் பைக்குள் இறக்கினார். நானும் சேலையை மாற்றிக்கொண்டு செருப்பை மாட்டினேன். "நீ வராத," என்றார். மூன்று நாளில் அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது. தனியாக ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறிப் போனார்.

அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. இனிமேலும் தெரியப்போவதில்லை, கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. சாயங்காலம்தான் திரும்பி வந்தார். மஞ்சள் பை காலி. சுவரைப் பார்த்துக்கொண்டு, "பத்திரிகையில தாய்மாமன் பேரை மொதல் வரியில போடச் சொல்லு. வண்டியக் கல்யாணத்துக்கு முன்ன லாரியில ஏத்தி மாப்பிள்ளை ஷெட்டுக்கு அனுப்பச் சொல்லு," என்றார். அதைத்தான் உனக்கு எழுதுகிறேன். இரண்டையும் செய். உன் மாமனுக்குத் தனியாக நீயே ஒரு கடிதம் போடு. அந்த ஆறாம் பக்கத்துக்கு மன்னிப்பு எல்லாம் நீ கேட்க வேண்டாம், அது என் கணக்கு. வண்டியைப் பற்றி மட்டும் எழுது, அவனுக்கு அது போதும்.

என்னிடம் இன்னும் சுவர் வழியாகத்தான் பேச்சு. பரவாயில்லை, பன்னிரண்டு வருஷம் நான் பேசாமல் இருந்ததற்கு அவர் இன்னும் எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். சட்டையை மட்டும் கழற்றி என் முன்னால் போட்டுவிட்டுப் படுக்கப் போனார். துவைக்கலாம் என்று விரித்துப் பார்த்தேன். இடது தோளில், ஒடிந்த பக்கத்தில், கறுப்பாக கிரீஸ். ஐந்து விரலும் அப்படியே பதிந்திருக்கிறது. முக்கி வைக்கக் கை வரவில்லை. கொடியில் போட்டிருக்கிறேன்.

உன் அம்மா